ரொக்கம் முடங்கிய ரோம்: திபேரியஸ் ஆட்சியில் ஒரு கடன் நெருக்கடி (நிகழ்வு ஆய்வு)

கி.பி. 33-ல் ரோம் நகரில் கடன் கேட்டால் கொடுக்க ஆள் இல்லை என்ற நிலை வந்தது. நிலம் வைத்திருந்தவர்கள் அதை விற்க முடியாமல் தவித்தார்கள். ரொக்கம் வைத்திருந்தவர்கள் அதை வெளியே எடுக்கவில்லை. கடைசியில் பேரரசர் திபேரியஸ் 10 கோடி செஸ்டர்ஸ் பணத்தை வட்டியில்லாமல் இறக்கிய பிறகுதான் கொடுக்கல் வாங்கல் மெல்லத் தொடங்கியது.

அவர் கொடுத்த மருந்து சரியான மருந்துதான். ஆனால் நோய் வந்த வழியைத் தேடிப் போனால் அதுவும் அவருடைய கருவூல வாசலில்தான் போய் நிற்கிறது. இந்த ஆய்வு அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கிறது. வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் விரிவாகவும், சூட்டோனியஸும் டியோ காசியஸும் சுருக்கமாகவும் இதைப் பதிந்திருக்கிறார்கள். கடன் கொடுத்தவர்கள், வாங்கியவர்கள், நிலத்தை இழந்தவர்கள் யாருடைய பெயரையும் மூவரும் சொல்லவில்லை. இங்கேயும் அப்படியே விட்டிருக்கிறேன்.

பின்னணி: சிக்கனக்காரர்

தமிழ் விவிலியம் 'திபேரியுராயன்' என்று சொல்லும் அதே ஆள்தான் திபேரியஸ். கி.மு. 42-ல் பிறந்தவர். தாய் லிவியா பிறகு முதல் பேரரசர் அகஸ்டஸை மணந்ததால் அரண்மனைக்குள் வந்தவர். அகஸ்டஸின் வற்புறுத்தலால், பிரியமாக வாழ்ந்த மனைவி விப்சானியாவை விலக்கிவிட்டு அகஸ்டஸின் மகள் ஜூலியாவை மணந்தார். அந்தத் திருமணம் நிலைக்கவில்லை. கி.பி. 14-ல் ஆட்சிக்கு வந்தபோது வயது 54. நல்ல படைத்தலைவர், கூட்டத்தோடு ஒட்டாதவர்.

பணத்தில் கணக்குப் பார்ப்பவர். ஆனால் அவரைக் கஞ்சன் என்று ஒரே சொல்லில் முடித்துவிட முடியாது. கி.பி. 17-ல் ஆசிய மாகாணத்தில் 12 நகரங்கள் பூகம்பத்தில் இடிந்தபோது சார்டிஸ் நகருக்கு மட்டும் 1 கோடி செஸ்டர்ஸ் கொடுக்க முன்வந்து, 5 ஆண்டு வரியையும் தள்ளுபடி செய்தார். மாகாண வரியைக் கூட்டலாம் என்று யோசனை சொன்ன ஆளுநர்களிடம், நல்ல மேய்ப்பன் ஆட்டின் மயிரைத்தான் கத்தரிப்பான், தோலை உரிக்க மாட்டான் என்று பதில் எழுதினார்.

அவர் கையை இறுக்கிக்கொண்டது தலைநகரில்தான். பெரிய கட்டடங்கள் என்று சொன்னால் அகஸ்டஸுக்கு ஒரு கோயில், பழைய படைத்தலைவர் பாம்பே கட்டிய நாடக அரங்கைப் புதுப்பிக்கும் வேலை, அவ்வளவே. மக்களுக்காக வீரர் விளையாட்டுகளையும் அவர் நடத்தவில்லை. ரோம் நகரில் அரசுப் பணம் மக்கள் கைக்கு வரும் வழிகளில் முக்கியமானவை கட்டட வேலையும் கேளிக்கைகளும். இரண்டிலும் வாய்க்கால் அடைபட்டது.

முந்தைய ஆட்சியை ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். எகிப்தை வென்று அதன் செல்வத்தை அகஸ்டஸ் ரோமுக்குக் கொண்டுவந்தபோது, ஆண்டுக்கு 12 சதவீதமாக இருந்த வட்டி அதில் மூன்றில் ஒரு பங்காக இறங்கியது. நிலத்தின் விலை ஏறியது. இன்னொன்றும் அவர் செய்தார். தண்டனை பெற்றவர்களிடமிருந்து பறிமுதலான சொத்தில் பணம் மிஞ்சினால், கடனுக்கு இரட்டிப்பு மதிப்புள்ள ஈடு காட்டக்கூடியவர்களுக்கு வட்டியில்லாமல் தவணைக்குக் கொடுத்தார். பறிமுதலான பணம் திரும்பச் சந்தைக்கே போனது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

கி.பி. 27 முதல் திபேரியஸ் காப்ரி தீவில் தங்கிவிட்டார். அதற்கு முந்தைய ஆண்டு ரோமை விட்டுக் கிளம்பியவர், சாகும்வரை நகருக்குள் திரும்பக் காலடி வைக்கவில்லை. ஆட்சி கடிதம் வழியாக நடந்தது.

33-க்கு முந்தைய இரண்டு ஆண்டுகள்

31 அக்டோபர் 18-ல், பேரரசரின் வலதுகையாக இருந்த காவற்படைத் தலைவர் செஜானஸ் கொல்லப்பட்டார். அவரோடு பழகியவர்கள் மீதெல்லாம் வழக்குப் பாய்ந்தது. செஜானஸின் சொத்து முதலில் பொதுக் கருவூலத்துக்கும், பிறகு பேரரசரின் கருவூலத்துக்கும் போனது. 33-ல் ஸ்பெயினிலேயே பெரிய பணக்காரர் என்று பெயர் பெற்றிருந்த செக்ஸ்டஸ் மாரியஸ், ரோமில் குற்றவாளிகளைத் தள்ளிக் கொல்லும் டார்ப்பியப் பாறையிலிருந்து தள்ளப்பட்டார். அவருடைய தங்கச் சுரங்கங்களைத் திபேரியஸ் தனக்கென்று எடுத்துக்கொண்டார்.

கடன் சந்தையின் கோணத்தில் இதைப் பார்க்க வேண்டும். ஒருவர் தண்டிக்கப்பட்டால் அவருடைய வீடும் தோட்டமும் அடிமைகளும் ஏலத்துக்கு வரும். ஏலம் எடுக்கிறவர் ரொக்கம் கட்டுவார். அந்த ரொக்கம் கருவூலத்துக்குள் போய் உட்கார்ந்துவிடும். இப்படி வழக்குக்கு வழக்கு வெள்ளி நாணயம் ஊரிலிருந்து உறிஞ்சப்பட்டது. நாணயத் தட்டுப்பாட்டுக்கு டாசிட்டஸ் நேரடியாகச் சொல்லும் காரணங்களில் இது ஒன்று.

ரோமானியக் காசு கிழக்கே வடிந்துபோனதுதான் காரணம் என்று சொல்பவர்களும் உண்டு. தமிழ் வாசகருக்கு இது ஆர்வமான கேள்வி. கோயம்புத்தூர், கரூர் வட்டாரத்தில் கிடைத்த ரோமானிய வெள்ளிக் காசுகளில் அகஸ்டஸ், திபேரியஸ் தலை போட்டவை ஏராளம். திபேரியஸே 22-ல் செனட்டுக்கு எழுதிய கடிதத்தில், பெண்களின் ரத்தினக் கற்களுக்காக நம் பணம் அந்நியரிடம் போகிறது என்று அலுத்துக்கொள்கிறார். போனது உண்மைதான். ஆனால் மிளகுக்கும் கல்லுக்கும் ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகப் போன காசு, ஒரே ஆண்டில் கொடுக்கல் வாங்கல் நின்றுபோனதை விளக்காது. தொட்டியில் மெல்லிய கசிவு இருந்தது, சரி. 33-ல் மூடப்பட்டது குழாய்.

தொடக்கம்: தூசி தட்டிய சட்டம்

கி.மு. 49-ல், உள்நாட்டுப் போரின் நடுவே, ஜூலியஸ் சீசர் ஒரு கடன் ஒழுங்கைக் கொண்டுவந்தார். இத்தாலிக்குள் கடன் கொடுப்பதற்கும் நிலம் வைத்திருப்பதற்கும் வரம்பு கட்டிய சட்டம் அவருடையது. 80 ஆண்டுகளில் அதை எல்லோரும் மறந்துபோனார்கள், அல்லது மறந்ததுபோல இருந்தார்கள். டாசிட்டஸ் இதைச் சுருக்கமாகச் சொல்கிறார்: பொது நன்மையைவிடச் சொந்த லாபம் முன்னால் நின்றது.

அந்தக் காலத்து ரோமில், பிறர்மீது வழக்குப் போட்டே பிழைத்தவர்கள் ஒரு கூட்டமாக இருந்தார்கள். அரச துரோக வழக்கில் குற்றம் நிரூபணமானால் சொத்தில் ஒரு பங்கு அவர்களுக்குக் கிடைக்கும். 33-ல் இவர்கள் வட்டிக்கு விடுபவர்கள் பக்கம் திரும்பி, சீசரின் சட்டத்தை எடுத்து நீட்டினார்கள்.

வழக்குகள் வந்து சேர்ந்த ப்ரீட்டர், அதாவது நீதி நிர்வாகம் பார்த்த அதிகாரி, எண்ணிக்கையைப் பார்த்தே திகைத்துப்போனார். தானாக முடிவெடுக்காமல் செனட்டுக்கு அனுப்பிவிட்டார். செனட்டிலோ அந்தக் குற்றத்தைச் செய்யாதவர் ஒருவர்கூட இல்லை. தீர்ப்புச் சொல்ல வேண்டியவர்கள் எல்லோரும் குற்றவாளிப் பட்டியலிலும் இருந்தார்கள். அவர்கள் செய்யக்கூடியது ஒன்றுதான்: பேரரசரிடம் கருணை கேட்டார்கள்.

முதல் முடிவு: 18 மாத வாய்தா

திபேரியஸ் இறங்கி வந்தார். ஒன்றரை ஆண்டுக்குள் ஒவ்வொருவரும் தங்கள் குடும்பக் கணக்கைச் சட்டப்படி சரிசெய்துகொள்ள வேண்டும் என்று அவகாசம் கொடுத்தார்.

மேலோட்டமாகப் பார்த்தால் நியாயமான முடிவு. தண்டனை இல்லை, அவசரமும் இல்லை. ஆனால் கணக்கைச் சரிசெய்வது என்றால் கொடுத்த கடனைத் திரும்ப வாங்குவது என்றுதான் பொருள். ரோமில் வட்டி கட்டும் நாள் மாதத்தின் முதல் தேதி. அதைக் 'கலெண்டே' என்பார்கள், கடன் பேரேட்டுக்குக் 'கலெண்டாரியம்' என்று பெயர். இன்று சுவரில் தொங்கும் காலண்டரின் பெயர் அந்தப் பேரேட்டிலிருந்து வந்ததுதான். அதுவரை வட்டி மட்டும் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் இப்போது அசலையும் கேட்டார்கள். ஒருவர் கேட்டிருந்தால் வாங்கியவர் வேறு இடத்தில் புரட்டியிருப்பார். எல்லோரும் ஒரே நேரத்தில் கேட்டதால் புரட்டுவதற்கு இடமே இல்லை.

இரண்டாம் முடிவு: மூன்றில் இரண்டு பங்கு நிலத்தில்

தட்டுப்பாடு வரும் என்று செனட்டும் உணர்ந்திருந்தது. கடன் கொடுத்தவர்கள் தங்கள் கடன் தொகையில் மூன்றில் இரண்டு பங்கை இத்தாலிய நிலத்தில் போட வேண்டும், வாங்கியவர்களும் அதே அளவை உடனே திருப்பிக் கட்ட வேண்டும் என்று விதித்தது.

இதன் கணக்கு புரிகிறது. வாங்கியவர் நிலத்தை விற்பார். கொடுத்தவர் நிலத்தை வாங்குவார். பணம் ஒரு சுற்றுச் சுற்றி எல்லாருடைய கணக்கும் நேராகும். காகிதத்தில் அழகாக இருக்கிறது.

நடந்தது வேறு. முதலில், கொடுத்தவர்கள் மூன்றில் இரண்டோடு நிற்காமல் முழுத் தொகையையும் கேட்டார்கள். வாங்கியவர்களால் சட்டத்தைக் காட்டி மறுக்க முடியவில்லை. அவர்களுக்குத் தங்கள் பெயர் முக்கியம். கேட்டபோது கொடுக்க முடியாதவன் என்ற பேச்சு வந்தால் அதற்குப் பிறகு ரோமில் யாரும் அவரை நம்ப மாட்டார்கள். லத்தீனில் இதற்கு 'ஃபிதேஸ்' என்ற சொல். தமிழில் 'நாணயம்' என்று நாம் சொல்வதும் அதைத்தான். கையில் நாணயம் இல்லாத நேரத்தில் நாணயத்தைக் காப்பாற்ற நிலத்தை விற்கக் கிளம்பினார்கள்.

இரண்டாவது, கொடுத்தவர்கள் திரும்பி வந்த பணத்தை நிலம் வாங்குவதற்கென்று பெட்டியில் போட்டுப் பூட்டினார்கள். உடனே வாங்கவில்லை. விற்பனைக்கு வந்த நிலம் நாளுக்கு நாள் கூடியது, விலை இறங்கிக்கொண்டே போனது. நாளைக்கு இன்னும் மலிவாகக் கிடைக்கும் நிலத்தை இன்று யார் வாங்குவார்? கடன் பிரிவில் உட்கார்ந்து வேலை பார்த்தவர்களுக்கு இந்தக் காட்சி பழக்கமானது. விற்பவர் எல்லோரும் ஒரே வாரத்தில் வந்தால் ஈட்டுச் சொத்தின் மதிப்பீடு வெறும் காகிதம்.

கண்டவை

முதலில் ஓட்டமும் கெஞ்சலும், பிறகு ப்ரீட்டரின் நீதி மேடை முன்னால் கூச்சல் என்று டாசிட்டஸ் எழுதுகிறார். அதிகக் கடன் இருந்தவர்களுக்கே விற்பது அதிகக் கடினமாக இருந்தது என்றும் சொல்கிறார். பலர் சொத்தோடு அந்தஸ்தையும் பெயரையும் சேர்த்து இழந்தார்கள்.

அந்தஸ்து போனது எப்படி என்பதற்கு ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். செனட் உறுப்பினராக இருக்க 10 லட்சம் செஸ்டர்ஸ் சொத்து வேண்டும். எடுத்துக்காட்டுக்கு ஒருவரிடம் 20 லட்சம் மதிப்புள்ள நிலமும் 9 லட்சம் கடனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். கடன் போக 11 லட்சம். தகுதி இருக்கிறது. நிலத்தின் விலை பாதியாகச் சரிந்தால் மொத்த நிலமும் 10 லட்சம். கடன் மட்டும் அதே 9 லட்சம். கையில் மிஞ்சுவது 1 லட்சம். அவர் வீண் செலவு எதுவும் செய்யவில்லை. ஒரு தவணையும் தவறவில்லை. ஆனாலும் செனட்டில் உட்காரும் தகுதி அவருக்கு இல்லை.

இந்தக் காலத்திலேயே இன்னொரு சம்பவம். திபேரியஸின் நீண்டகால நண்பரும், அவரோடு காப்ரிக்குப் போனவருமான சட்ட வல்லுநர் கொக்கேயஸ் நெர்வா உணவை மறுத்துப் பட்டினியாக இறந்தார். பேரரசர் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடச் சொல்லிக் கெஞ்சியும் பயனில்லை. சீசரின் கடன் சட்டங்களை மீண்டும் உறுதிசெய்ததுதான் முக்கியக் காரணம், அது நம்பிக்கையைக் குலைக்கும் என்று நெர்வாவுக்குத் தெரிந்திருந்தது என்கிறார் டியோ. டாசிட்டஸ் கடன் விவகாரத்தைச் சொல்லாமல், நாட்டின் தீமைகளைக் கிட்ட இருந்து பார்த்த கோபமும் பயமும் என்கிறார். டியோவின் வரிசையில் இந்த மரணத்துக்குப் பிறகுதான் பேரரசரின் உதவி வருகிறது. டாசிட்டஸின் வரிசையில் உதவி முதலில் வருகிறது. எது முந்தியது என்பதில் நான் பந்தயம் கட்ட மாட்டேன். சட்டம் தெரிந்த ஒருவர் பேரரசரின் பக்கத்திலேயே இருந்தார் என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது.

மூன்றாம் முடிவு: 10 கோடி

கடைசியில் திபேரியஸ் பணத்தை இறக்கினார். நிபந்தனைகள் மூன்று:

- தொகை 10 கோடி செஸ்டர்ஸ், வட்டி கிடையாது.
- 3 ஆண்டுத் தவணை.
- கடனுக்கு இரட்டிப்பு மதிப்புள்ள நிலத்தை அரசுக்கு ஈடாகக் காட்ட வேண்டும்.

அந்தக் காலத்தில் சாதாரணப் படைவீரரின் ஆண்டுச் சம்பளம் 900 செஸ்டர்ஸ். அப்படியானால் இது 1,11,000 வீரர்களின் ஓராண்டுச் சம்பளம். பேரரசில் அப்போதிருந்த லீஜியன் படைகள் 25. அவற்றின் சாதாரண வீரர்களின் சம்பளத்தில் பெரும் பகுதி இதில் அடங்கிவிடும். 4 செஸ்டர்ஸுக்கு ஒரு தெனாரியஸ் என்று வெள்ளிக் காசாக மாற்றினால் 2.5 கோடி காசு. எடை 90 டன்னுக்கு மேல் வரும்.

பணம் 'மென்ஸா'க்கள் வழியாகக் கொடுக்கப்பட்டது. மென்ஸா என்றால் பணம் மாற்றுபவரின் மேசை. நம்முடைய 'மேசை' என்ற சொல்லே போர்ச்சுக்கீசியர் வழியாக இந்த லத்தீன் சொல்லிலிருந்துதான் வந்தது.

ஏன் இந்த வடிவம்? இலவசமாகக் கொடுத்திருந்தால் கடன் வாங்காமல் ஒழுங்காக இருந்தவர்கள் முணுமுணுத்திருப்பார்கள். கடனைத் தள்ளுபடி செய்திருந்தால் கொடுத்தவர்கள் ஒடிந்துபோயிருப்பார்கள். ஈட்டின் பேரில் தவணைக் கடன் என்பதால் சொத்து இருந்தும் ரொக்கம் இல்லாதவர்கள் மட்டும் பிழைத்தார்கள். விற்க வேண்டிய அவசரம் போனதும் நிலத்தின் சரிவுக்குக் காரணமும் போனது. இது அகஸ்டஸின் பழைய ஏற்பாடுதான். வட்டியின்மையும் இரட்டிப்பு ஈடும் அதிலேயே இருந்தன.

விளைவு

நம்பிக்கை திரும்பியது. தனியாரும் மெல்ல மெல்லக் கடன் கொடுக்கத் தொடங்கினார்கள். நிலம் வாங்க வேண்டும் என்ற செனட்டின் ஆணை? தொடக்கத்தில் வேகம், முடிவில் அசட்டை, இது வழக்கம்தான் என்று டாசிட்டஸ் முடித்துவிடுகிறார். இத்தனை பேர் சொத்தை இழக்கக் காரணமான சட்டத்தைக் கடைசியில் யாரும் கடைப்பிடிக்கவில்லை.

முதலிலேயே நிலத்தை விற்றுவிட்டவர்களுக்கு இந்தக் கடனால் பயன் இல்லை. ஈடாகக் காட்ட அவர்களிடம் நிலம் எங்கே?

எதை மாற்றியிருக்கலாம்

என் பார்வையில் முதல் தவறு, சீசரின் சட்டத்தில் பாதியை மட்டும் எடுத்தது. கி.மு. 49-ல் சீசர் கட்டுப்பாடு மட்டும் போடவில்லை. நடுவர்களை நியமித்து, சொத்துகளைப் போருக்கு முந்தைய விலையில் மதிப்பிடச் செய்து, அந்த மதிப்புக்கே கொடுத்தவர் நிலத்தைக் கடன் பணத்துக்குப் பதிலாக ஏற்க வழி செய்தார். விலை சரிந்தாலும் கடன் வாங்கியவர் தப்பித்தார். 33-ல் கட்டுப்பாட்டை மட்டும் தோண்டி எடுத்தார்கள். அந்த மதிப்பீட்டு ஏற்பாடு புத்தகத்திலேயே தங்கிவிட்டது.

இரண்டாவது, வரிசை. நிலம் வாங்கிய பிறகுதான் அசலைக் கேட்கலாம் என்று வைத்திருந்தால் பெட்டியில் பூட்ட வழியே இருந்திருக்காது. புதுக் கடனுக்கு மட்டும் சட்டத்தைப் பொருத்தி, பழையவற்றை அவற்றின் தவணைப்படி முடிய விட்டிருக்கலாம். 18 மாதம் நீண்ட அவகாசமாகத் தோன்றுகிறது. ஆனால் எல்லோருக்கும் ஒரே கெடு என்றால் ஒவ்வொருவரும் மற்றவரை முந்தத்தான் பார்ப்பார்கள்.

மூன்றாவது, பறிமுதலான பணம். அகஸ்டஸின் ஏற்பாடு கையில் இருந்தது, திபேரியஸுக்கும் தெரியும். செஜானஸின் சொத்து கருவூலத்துக்கு வந்த நாளிலிருந்தே அதை நடத்தியிருந்தால், வழக்குகள் உறிஞ்சிய வெள்ளி பாதி வழியிலேயே ஊருக்குத் திரும்பியிருக்கும். பிறகு 10 கோடி தேவைப்பட்டிருக்குமா என்பதே சந்தேகம்.

பணம் இல்லை என்று சொல்ல வழியே இல்லை. 36-ல் அவென்டைன் குன்றுப் பகுதி தீயில் எரிந்தபோது திபேரியஸ் வீடுகளுக்கும் குடியிருப்புகளுக்கும் இழப்பீடாக இன்னொரு 10 கோடி கொடுத்தார். இந்த முறை கடனாக அல்ல. 37 மார்ச் 16-ல் மிசேனத்தில் இறந்தபோது கருவூலத்தில் 270 கோடி செஸ்டர்ஸ் இருந்ததாக சூட்டோனியஸ் எழுதுகிறார். 33-ல் இறக்கிய தொகை அதில் 27-ல் ஒரு பங்கு. அடுத்து வந்த காலிகுலா அந்த 270 கோடியை ஓராண்டுக்குள் செலவழித்து முடித்ததாகவும் சூட்டோனியஸ் சொல்கிறார்.